பத்தாயப் பலகையின் இரண்டு பக்கம்

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் அப்பா மிஷன் சபையில் மணியடித்தவர், நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். இறந்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையாக இருக்கிறார்கள், எக்காளம் ஊதும்போதுதான் எழுவார்கள், அதுவரைக்கும் யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். சுடுகாட்டில் வெள்ளையாய் நடக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கண்ணை உருட்டும்போது, போங்கடி போய் வேலையைப் பாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் அதையே எனக்குச் சொன்னால் கோபப்படமாட்டேன், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. மாசி மாதத்து உச்சிவெயில், நிழல் காலடியில் கிடக்கிற நேரம், வயிறு முட்டக் கஞ்சி குடித்துவிட்டு நல்ல புத்தியோடு நான் நின்றிருந்த நேரம்.

முதலில் பத்தாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நெல் போட்டு வைக்கிற மரப்பெட்டிக்கு எங்கள் பக்கத்தில் பத்தாயம் என்று பெயர். எல்லா வீட்டிலும் சின்னதாக ஒன்று இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் நிலமெல்லாம் வைத்திருந்த பெரிய வீட்டுப் பிள்ளையின் களத்தில் நின்றது பெட்டியல்ல, ஒரு வீடு. இரண்டு ஆள் உயரம், சுற்றிலும் கனத்த பலகைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, மூலைத்தூணில் வெட்டின காடியில் இறக்கியது, மேலே ஓலைக்கூரை. நெல்லைக் கொட்டுவது ஏணி வைத்து உச்சியில் இருக்கிற மூடி வழியாக. எடுப்பது கீழே ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு இருந்த சின்னக் கதவு வழியாக. பெரிய வீட்டுக்குள் எங்களுக்கு நுழைவில்லை, நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், அந்தக் காலம் அப்படி. ஆனால் களத்துப் பத்தாயம் முழுக்க என் வீட்டுக்காரர் கையில்தான் இருந்தது.

அவர் பெயர் தங்கையா. ஊரில் வாரியல் தங்கையா என்றால்தான் தெரியும். வாரியல் என்றால் விளக்குமாறு. ஒவ்வொரு வருஷமும் கும்பப்பூ என்கிற மாசி அறுப்புக்கு முன்னால் பத்தாயத்தைக் காலி பண்ணி, மூடியையும் கதவையும் மூன்று நாள் திறந்து போட்டு, உள்ளே இறங்கி மூலை முடுக்கெல்லாம் கூட்டி, வேப்பிலைப் புகை போட்டு, பலகை இடுக்கில் ஒரு மணி நெல்கூட இல்லாமல் சுரண்டி எடுப்பார். வீட்டில் ஒரு துரும்பை எடுத்து அப்பால் போடமாட்டார், பத்தாயத்துக்குள் மட்டும் அப்படி ஒரு சுத்தம். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வேன். நெல்லு மூச்சு விடுத சாதனம் எஸ்தரு, அடைச்சுப் போட்டா அது மூச்ச முழுங்கிரும், பொறவு உள்ள எறங்குதவன் மூச்சயும் முழுங்கிரும் என்பார். அவருடைய சித்தப்பா ஒருவர் வேறொரு ஊரில் அப்படிப் போனவராம். அதனால் முதலில் கயிற்றில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கட்டி உள்ளே இறக்குவார். விளக்கு எரிந்தால் இவர் இறங்குவார், அணைந்தால் இன்னும் ஒரு நாள் திறந்து கிடக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கேற்றுகிற மனிதன் என்று களத்து ஆட்கள் சிரிப்பார்கள், இவர் கண்டுகொள்ளமாட்டார்.

இறங்கும்போது இடுப்பில் ஒரு கயிறு. அது மேலே உத்திரத்தில் சுற்றி வெளியே என் கைக்கு வரும். உள்ளே இருக்கிறவர் முகம் எனக்குத் தெரியாது, பலகைக் கனத்தில் குரலும் சரியாகக் கேட்காது. அதனால் தட்டுவார். இடுப்பு உயரத்தில் ஒரு பலகை, எப்போதும் அதே பலகை. முதலில் ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு, சேர்ந்தாற்போல இரண்டு தட்டு. நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். நான் வெளியிலிருந்து ஆற்றுக் கல் ஒன்றால் அதே பலகையில் ஒரு தட்டு தட்டவேண்டும், இங்கேதான் நிற்கிறேன் என்று. விடாமல் தட்டினால் இழு என்று பொருள், ஒன்பது வருஷத்தில் அவர் ஒருமுறையும் அப்படித் தட்டினதில்லை. நம்புங்கள் நம்பாமல் போங்கள், அந்த ஒன்பது வருஷத்தில் அந்தப் பலகையின் இரண்டு பக்கமும் குழி விழுந்துவிட்டது, உள்ளே அவருடையது, வெளியே என்னுடையது. மனிதனுக்கு அது பழக்கமாகிப் போய், வீட்டுக்கு வரும்போதுகூடக் கதவு நிலையில் அதே மாதிரிதான் தட்டுவார். நான் அடுக்களையிலிருந்து கரண்டியால் பானையில் ஒரு தட்டு தட்டுவேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பெரிய வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பத்தாயம் ஒருநாளும் ஒழியக்கூடாது. அடியில் கிடக்கிற நெல் லட்சுமி, அதை வாரி வெளியே கொட்டினால் வீட்டின் ஐசுவரியமே போய்விடும் என்று நம்பினார்கள். நாங்கள் வேதக்காரர் என்றாலும் என் வீட்டுக்காரர் அதைக் கேலி பண்ணினதில்லை. அடிநெல்லில் ஒரு மரக்கால் அளந்து புதுப்பானையில் போட்டுக் களத்து மேடையில் வைப்பார், பிள்ளையின் மனைவி அதன்முன் விளக்கேற்றி வைத்துவிட்டுப் போவார். லட்சுமி பானையில் இருக்கிறாள், பத்தாயம் ஒழியலாம். கூட்டி முடித்ததும் அந்த மரக்கால் நெல்லைத்தான் முதலில் உள்ளே போடுவார். அவர்களுக்கும் மனசு நிறைந்தது, இவருக்கும் வேலை நடந்தது.

என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் போனார். ஆறே நாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே என் கையைப் பிடித்தபடி போய்விட்டார். அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், பத்தாயத்தில் சில பலகைகளைக் கறையான் அரித்துவிட்டது என்று பிள்ளை ஆசாரியை வரவழைத்தார். நெல் அடிமட்டத்தில் கிடந்த சமயம். கழற்றிப் போட்டதில் எங்கள் பலகையும் ஒன்று. அடுப்புக்குப் போகும் என்று தெரிந்து நான் ஓடிப்போய்க் கேட்டு வாங்கித் தலையில் சுமந்து கொண்டுவந்தேன். அதன் இடத்தில் இறக்கினது மஞ்சள் மஞ்சளாக ஒரு புதுப் பலாப்பலகை. ஆசாரி இரண்டு பக்கமும் இழைத்து வைத்திருந்தார், நானே இரண்டு பக்கமும் கையால் தடவிப் பார்த்தேன், ஏன் தடவினேன் என்று கேட்டால் தெரியாது. பழைய பலகை என் வீட்டில் உட்காருகிற பலகையாகக் கிடந்தது. அன்றைக்கு வந்தவள்தான், அப்புறம் களத்துப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

மூன்று வருஷம் போனது. இந்த மூன்று வருஷமும் பத்தாயத்தை யாரும் கூட்டவில்லை. தங்கையா செய்த பானை ஏற்பாடு அவரோடு போயிற்று, லட்சுமியை அசைக்கக்கூடாது என்பது மட்டும் நின்றது. பழைய நெல்லின் மேலேயே புது நெல்லைக் கொட்டினார்கள். வைகாசியில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் கூரை ஒழுகி உள்ளே நனைந்தது, நெல் கொட்டுகிற நாள் தவிர மேல்மூடி திறக்கவே இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த வருஷம் தை மாதத்திலிருந்து கீழ்க்கதவைத் திறந்தால் நெல் வரவில்லை. உள்ளே நெல் இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. கும்பப்பூ அறுத்துக் களத்தில் போர் போராய்க் கிடக்கிறது.

என் கொழுந்தன் ராசையா, இவருக்குத் தம்பி, மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணல் சுமக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அந்த வெக்கையில் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பெண்டாட்டி பொன்னம்மாளுக்கு ஆறு மாசம். பெரிய வீட்டுப் பிள்ளை அவனைக் கூப்பிட்டு, பத்தாயத்தில் இறங்கி நெல்லைக் கம்பியால் குத்திவிட்டு வழி பண்ணு, பண்ணிவிட்டால் உன் அண்ணன் பார்த்த வேலையை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு வண்டி கட்டி மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போய்விட்டார். களத்து ஆட்களும் கொடைக்குப் போயாயிற்று. ராசையா நேரே என்னிடம் வந்தான்.

“மயினி, நீங்கதான் கயிறு புடிக்கணும். ஒங்களுக்குத்தான் அது தெரியும்.”

மாட்டேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அவன் இருமினான். அந்த இருமலைக் கேட்டதும் மறுக்க முடியவில்லை. அவனுக்கு ஆறு வயதில் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் நான், எனக்கு அவன் பிள்ளை மாதிரி. வழியில் விளக்கு எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். பட்டப்பகல்ல வெளக்கு என்னத்துக்கு மயினி, ஒங்க ரெண்டு பேருக்கும் இதே சோலிதான் என்று சிரித்தான். நானும் விட்டுவிட்டேன். என் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்று வருஷம் கழித்து அந்தக் களத்தில் கால் வைக்கிறோம் என்ற நினைப்போடே நடந்தேன், வேறு எதுவும் மண்டைக்குள் ஏறவில்லை.

களத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண்கள்கூட அன்றைக்கு அந்தப் பக்கம் வரவில்லை, யார் வாங்குவார்கள், எல்லாரும் கொடையில். ராசையா கயிற்றைக் கட்டிக்கொண்டு, கம்பியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி மேல்மூடியைத் தள்ளினான். ஏதோ புளித்த வாடை வந்தது. எலி என்னமோ செத்துக் கெடக்கு மயினி என்று மேலேயிருந்து சொன்னான். பிறகு விளிம்பில் இரண்டு காலையும் வெளிப்பக்கம் தொங்கப் போட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தான். நான் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்ற கையைப் பழக்கத்தில் பலகைமேல் வைத்திருந்தேன். பழைய இடம், புதுப் பலகை. மூன்று வருஷத்தில் அது மஞ்சள் மங்கி வெளுத்திருந்தது.

அப்போது என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு தட்டு.

ராசையா காலால் இடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவன் கால் இரண்டும் என் தலைக்கு மேலே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, துண்டு முகத்தில் இருந்தது. அந்த இடைவெளிக்குப் பிறகு, சேர்ந்தாற்போல, இரண்டு தட்டு.

எலி என்று சொல்வீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். காய்ந்த பலகை வெயிலுக்கு வெடித்திருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். எலி ஒன்று தட்டிக் கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டுமா? அதுவும் அந்தப் பொறுக்கிற நேரம் இருக்கிறதே, அது அவருடையது, ஒன்பது வருஷம் கேட்ட காதுக்குத் தெரியாதா? மறுபடியும் வந்தது. எனக்குப் பயம் வரவில்லை, ஆண்டவர் அறிய பயம் வரவில்லை. கல் என்னிடம் இல்லை, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினேன். நானாகத் தட்டவில்லை, கை தட்டியது. இங்கேதான் நிற்கிறேன்.

தட்டினதுதான் தாமதம், உள்ளேயிருந்து விடாமல் தட்டு. டொக்டொக்டொக்கென்று மூச்சுவிடாமல், என் கையும் தோளும் அதிர்கிற அளவுக்கு. நான் ஒருநாளும் கேட்டிராத அந்தத் தட்டு. அதற்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்கு ஒன்றுதான் தெரியும். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ராசையா அப்போதுதான் ஒரு காலை உள்ளே போட்டிருக்கிறான். இழுத்த இழுப்பில் கிணற்று வாளி மாதிரி ஒரு நிமிஷம் மேலே தொங்கி, ஏணியில் மோதி, முழங்கால் தோல் உரிய வழுக்கிக்கொண்டு கீழே வந்து விழுந்தான். கம்பி ஒரு பக்கம் போய் விழுந்தது.

“கிறுக்கு புடிச்சிட்டா மயினி ஒங்களுக்கு?”

என் மேல் அவன் சத்தம் போட்டது அந்த ஒருமுறைதான். மறுபடியும் ஏணியில் கால் வைத்தான். நான் ஏணியின் அடிப்படியில் போய்ச் சப்பென்று உட்கார்ந்துவிட்டேன். தட்டினார் என்று எப்படிச் சொல்வேன், சொன்னால் யார் கேட்பார்கள்? சாயங்காலத்துக்குள் நெல் வரவில்லை என்றால் வேலை போய்விடும், பிறக்கப்போகிற பிள்ளைக்கு நான் என்ன செய்வேன் என்று அவன் கெஞ்சினான், கோபப்பட்டான், கடைசியில் கண் கலங்கிவிட்டான். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

“வெளக்க எறக்கு, மக்கா. எரிஞ்சா எறங்கு, நான் தடுக்கல்ல. ஒங்கண்ணன் செய்யது மாதிரி செய்யி, அது போதும்.”

முணுமுணுத்துக்கொண்டே வண்டிக் கொட்டகையிலிருந்து ஒரு விளக்கைக் கொண்டுவந்து ஏற்றிக் கயிற்றில் இறக்கினான். மூடிக்குள் ஒரு முழம் போயிருக்காது, யாரோ ஊதின மாதிரி அணைந்தது. காற்று என்றான். காற்று எங்கே இருக்கிறது, இலை அசையவில்லை. மறுபடி ஏற்றினான், மறுபடியும் அதே ஒரு முழத்தில் அணைந்தது. மூன்றாம் தடவையும் அணைந்தது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, விளிம்புக்கு வெளியே நின்றபடியே, நீள மூங்கில் ஒன்றை எடுத்து நெல்லின்மேல் ஊன்றினான். மேலே பார்த்தால் நெல் திட்டு மாதிரி கெட்டியாக, நடந்து போகலாம் போல இருந்ததாம். மூங்கில் பட்டதும் பொத்தென்று அத்தனையும் உள்வாங்கிப் போயிற்று. நனைந்த நெல் மேலே பொருக்குக் கட்டிக் கூரை மாதிரி நின்றிருக்கிறது, அதற்குக் கீழே கதவு வழியாக எடுத்த நெல்லெல்லாம் போன வெற்றுக் குழி. அந்தக் குழியில் மூன்று வருஷமாக அழுகின நெல்லின் மூச்சு. கறுப்பாகத் தூசும் நாற்றமும் மேலே எழும்பி வந்தது. கம்பியோடு அவன் அதன்மேல் இறங்கியிருந்தால், பொருக்கு உடைந்து உள்ளே போயிருப்பான், நான் வெளியே நின்று அவன் தட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்திருப்பேன்.

ராசையா இறங்கி வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்.

“நான் இருந்த பலகைக்கு அடியிலயும் அதிர்ந்துது மயினி. எலின்னு நெனச்சேன். அது அண்ணன்தானா?”

நான் அவன் தலையில் கை வைத்தேன், அவ்வளவுதான். அதற்கு மேல் நாங்கள் அதைப்பற்றிப் பேசினதில்லை, இன்றுவரைக்கும்.

சாயங்காலம் பிள்ளை வண்டியிலிருந்து இறங்கினதும் சத்தம்தான் போட்டார். லட்சுமி கிடக்கிற பத்தாயத்தை ஏன் திறந்து போட்டீர்கள் என்றார். நான் விளக்கை ஏற்றி, அவர் கண் முன்னாலேயே ராசையாவை விட்டு இறக்கச் சொன்னேன். அணைந்தது. கீழ்க்கதவு வழியாகக் கையை விட்டு, கறுத்துக் கட்டியாகிப் போயிருந்த அடிநெல்லை ஒரு பிடி பிய்த்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று வருஷமாகக் காத்த லட்சுமி அது. அவர் அதைப் பார்த்தார், ராசையாவின் உரிந்த முழங்காலைப் பார்த்தார். பிறகு சொன்னேன்.

“ஏமானே, எங்க ஆளு லெச்சுமிய பானையில வச்சிட்டுத்தான் கூட்டுவாரு. அப்பம் லெச்சுமியும் ஆளும் ரெண்டும் பொழச்சுது.”

மறுநாள் காலையில் அவர் மனைவி புதுப்பானையோடு களத்துக்கு வந்தார். புது நெல்லிலிருந்து ஒரு மரக்கால் போட்டு விளக்கேற்றினார். பத்தாயத்தின் பலகைகளை மேலிருந்து பாதி கழற்றி, ஒரு வாரம் வெயிலும் காற்றும் படப் போட்டோம். எட்டாம் நாள் விளக்கு அடிவரைக்கும் இறங்கி ஆடாமல் எரிந்தது. ராசையா இறங்குகிறேன் என்றான். இல்லை, இந்த ஒருமுறை நான் இறங்குகிறேன் என்றேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் யாரும் தடுக்கவில்லை. கயிற்றை என் இடுப்பில் அவன் கட்டினான். அவருடைய வாரியலைத்தான் எடுத்துக்கொண்டேன்.

கட்டி கட்டியாக அழுகின நெல்லை வாரி வாரி வெளியே தள்ளினேன். அரைநாள் ஆயிற்று. பலகைகளைச் சுற்றிலும் சுரண்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் எங்கள் பலகை இருந்த இடத்துக்கு வந்தேன். கவனித்துக் கேளுங்கள், மற்ற இடமெல்லாம் நெல் பலகையோடு ஒட்டிப்போய்க் கிடந்தது, அந்தப் பலகையை ஒட்டி மட்டும் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. ஒட்டடையைத் துடைத்தேன். விரலில் தட்டுப்பட்டது. இடுப்பு உயரத்தில் ஒரு குழி.

ஆசாரி இழைத்து இறக்கின பலகை அது, நான் தடவிப் பார்த்த பலகை. அவர் போனதற்குப் பிறகு வந்த பலகை. பழையது என் வீட்டில் கிடக்கிறது, அன்றைக்குக் காலையில்கூட அதில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தேன். இங்கே அதே இடம், அதே அளவு, கட்டைவிரல் இறங்குகிற ஆழம். ஒருநாள் தட்டினால் விழுகிற குழி இல்லை. எங்களுக்கு ஒன்பது வருஷம் ஆனது.

எவ்வளவு நேரம் அதில் விரலை வைத்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. வெளியே ராசையா பயந்துபோய்க் கயிற்றை அசைத்தான். நான் அந்தக் குழியில் தட்டினேன், ஒன்று, பிறகு இரண்டு. அவன் வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டினான். அப்போதுதான் அழுதேன்.

ராசையாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அவன்தான் பிறகு அந்தப் பத்தாயத்தைப் பார்த்துக்கொண்டான், ஒரு வருஷம் தவறவிடவில்லை, கயிறு நான் பிடித்தேன். அந்தத் தட்டு மறுபடி கேட்கவில்லை. அவர் ஏன் வந்தார் என்று நான் யோசிப்பதில்லை, தம்பிக்காக வந்தார், அது புரிகிறது. சபையில் கேட்டால் வேறு விளக்கம் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் தூக்கம் வராமல் பண்ணுவது வேறு. அன்றைக்குப் பத்தாயத்திலிருந்து வெளியே வந்ததும் நேரே போய் அந்தப் பலகையின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஆசாரி இழைத்துவிட்ட மாதிரியே வழுவழுவென்று இருந்தது. மூன்று வருஷம் உள்ளேயிருந்து தட்டியிருக்கிறார். அந்த வெளிப்பக்கம் நான் நிற்கவேண்டிய பக்கம்.